பின்னால் தூங்கும் ஸ்பீக்கர்கள்

இசையைக் கேட்பவனை நடுவில் உட்காரவைத்து, அவனுக்கு முன்னும் பின்னும் பக்கங்களிலும், இப்போது தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர்களை நிறுத்தி, எல்லாத் திசைகளிலிருந்தும் பாட்டை வரவழைக்கின்ற சரவுண்ட் முறையில் ஈடுபாடு கொண்ட அன்பர்களிடையே, ஒரு மிக்ஸ் நன்றாக அமைந்திருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பதற்கு ஓர் அளவுகோல் ஏறக்குறைய சர்வசம்மதமாக நிலைபெற்றிருக்கிறது. பின்னால் உள்ள ஸ்பீக்கர்களில் என்ன வருகிறது என்பதே அந்த அளவுகோல். கிதாரோ கோரஸோ தாளக்கருவியோ பின்னாலிருந்து தனித்துத் தெளிவாகக் கேட்டால் அது துணிச்சலான மிக்ஸ். மண்டபத்தின் கார்வை மட்டும் கேட்டால் அது கோழைத்தனம், அல்லது மோசடி. 7.1.4 என்ற அமைப்பில் பன்னிரண்டு ஸ்பீக்கர்களைத் தம் கூடத்தில் பொருத்தி வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர், புதிதாக வந்த ஆல்பம் ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவில் எழுந்து போய்ப் பின்சுவரில் இருந்த ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "தூங்குகிறதய்யா, தூங்குகிறது!" என்று சலித்துக்கொண்டார். அந்த நேரத்தில் பாடகி பாட்டின் மிக அழகான அடியைப் பாடிக்கொண்டிருந்தாள். நண்பர் அதைக் கேட்கவில்லை.

அவருடைய கட்சிக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முன்னால் வருவதை முன்னால் கேட்பதற்கு இரண்டு ஸ்பீக்கர்களே போதுமானவையாக இருக்க, மேலும் பத்தை வாங்கிச் சுவரில் துளையிட்டுக் கம்பி இழுத்தவன், அவை ஏதாவது செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயற்கை. அன்றியும், ஒன்றையொன்று மூடி மறைக்கின்ற நாலைந்து வாத்தியங்களைத் தனித்தனித் திசைகளில் பிரித்து வைத்தால், ஸ்டீரியோவில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை அவிழ்ந்து துலக்கமாகக் கேட்கும் என்பதும் உண்மை. காதின் இயல்பே அப்படித்தான். ஆனால் துலக்கம் வேறு, சங்கீதம் வேறு. கடிகாரத்தைக் கழற்றி அதன் சக்கரங்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்தால் ஒவ்வொரு சக்கரமும் துலக்கமாகத்தான் தெரியும். மணி மட்டும் தெரியாது. திசைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு மிக்ஸை மதிப்பிடுவது தவறு என்பதும், ஓர் ஒலி தான் நிற்கும் இடத்தில் நிற்பதற்கு அந்தச் சங்கீதத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறதா, பிரிந்து நிற்கும் ஒலிகளெல்லாம் ஒரே காற்றில் உலவுகின்றனவா என்ற இரண்டு கேள்விகளே வெற்றியையும் தோல்வியையும் நிர்ணயிக்கின்றன என்பதும் என் வாதம்.

எதிர்க்கட்சியார் முதலில் எடுத்துக்காட்டுவது சரித்திரத்தை. வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு பேராலயத்தில், எதிரெதிர் மாடங்களில் பாடகரையும் வாத்தியக்காரரையும் நிறுத்தி 16ஆம் நூற்றாண்டிலேயே சங்கீதம் அமைத்தார்களே, பாரிஸில் 1837ஆம் ஆண்டு தமது ரெக்வியத்தை அரங்கேற்றிய பெர்லியோஸ், நான்கு பித்தளை வாத்தியக் குழுக்களை நான்கு மூலைகளுக்கு வகுத்தாரே, அவர்களைவிட நமக்கு அதிகமாகத் தெரியுமோ என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்விதான், ஆனால் அந்தச் சாட்சிகளைச் சற்று நின்று விசாரித்தால் அவர்கள் நம் பக்கமே பேசுகிறார்கள். அந்த வெனிஸ் நகரத்து இசையமைப்பாளர் கபிரியேலி 1597இல் வெளியிட்ட ‘சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே’ என்ற உருப்படியில் எட்டு வாத்தியங்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து நிற்கின்றன. முதற்குழு மெல்லப் பேசுகிறது. மற்றது மெல்லப் பதில் சொல்கிறது. பிறகே இரண்டும் கூடி உரத்து ஒலிக்கின்றன. இடையே உள்ள தூரம், உருப்படி எழுதி முடிந்த பிறகு வேறு ஒருவர் பூசிய வர்ணம் அன்று. கேள்வியும் பதிலுமாக ஸ்வரங்களிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. பெர்லியோஸோ, இன்னும் ஒரு படி மேலே போகிறார். பத்துப் பகுதிகளைக் கொண்ட அந்தப் படைப்பில், மூலைக் குழுக்கள் நான்கும் முழுவலிமையோடு முழங்குவது இரண்டு மூன்று இடங்களில்தான். இறுதித் தீர்ப்பு நாளின் எக்காளம் என்று சொற்கள் கேட்கும் இடத்தில் அவை முழங்குகின்றன, மற்றப்படி பெரும்பாலும் காத்திருக்கின்றன. என் நண்பர் அன்று அங்கே இருந்திருந்தால், மூலைக்கு மூலை ஓடிப் போய், "தூங்குகிறார்கள்!" என்று பெர்லியோஸிடமே முறையிட்டிருப்பார்.

சரித்திரம் இருக்கட்டும், காது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் இரு செவிகளும் தலையின் இரு பக்கங்களில் அமைந்திருப்பதால், நேர்முன்னே இருக்கும் ஒலி ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்தாலும் நாம் அறிந்துகொள்கிறோம். ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி மறுசெவியை அடைய ஆகும் தாமதம் மிகுதியாகப் போனாலும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை, ஆயினும் அந்த அற்பத் தாமதத்திலிருந்தே மூளை திசையைக் கணித்துவிடுகிறது. ஆனால் இந்த நுட்பம் எல்லாத் திசைக்கும் சமமாக வாய்க்கவில்லை. பக்கவாட்டில் அது வெகுவாக மழுங்கிப் போகிறது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே, ஒன்றுமில்லாத வெற்றிடத்தில், பாடகி நிற்பதுபோல் ஒரு பிரமையை உண்டாக்குவதே ஸ்டீரியோவின் ஜாலம். அந்த ஜாலம் முன்னால் பலிப்பதற்குக் காரணம், இரண்டு ஸ்பீக்கர்களும் இரண்டு செவிகளுக்குச் சமச்சீராக இருப்பதுதான். முன் ஸ்பீக்கருக்கும் பக்க ஸ்பீக்கருக்கும் நடுவே அதே ஜாலத்தைச் செய்ய முயன்றால் அந்தப் பிரமை நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்பதை, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்களான டைலேயும் பிளெங்கேயும் 1977ஆம் ஆண்டிலேயே சோதனை செய்து வெளியிட்டார்கள். ஆகவே பக்கத்திலும் பின்னாலும் வைக்கும் வாத்தியத்தை ஒரு ஸ்பீக்கரிலேயே கட்டிப்போட வேண்டியதாகிறது; அப்படிக் கட்டிப்போட்டவுடன் அது வாத்தியமாகக் கேட்பதை விட்டு, ஸ்பீக்கராகக் கேட்கத் தொடங்குகிறது. சுவரில் தொங்கும் பெட்டி ஒன்று கிதார் வாசிக்கிறது என்ற உணர்ச்சி ஒருமுறை மனத்தில் புகுந்துவிட்டால், பிறகு எத்தனை கோடி ரூபாய்க் கருவியும் அதை வெளியேற்ற முடியாது.

இனி, கேட்பவர் ஒருவரே அல்லர் என்ற குடும்ப விவகாரத்தையும் கவனிக்க வேண்டும். ஒலி ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிசெகண்டு ஆகிறது. சோபாவின் நடுவில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்க, அவர் மனைவி ஒரு மீட்டர் தள்ளி ஓரத்தில் உட்கார்ந்தால், அருகில் உள்ள பக்க ஸ்பீக்கர் அந்த அம்மாளுக்கு ஒரு மீட்டர் நெருங்கியும் எதிர்ப்பக்கத்தது ஒரு மீட்டர் விலகியும் போய், இரண்டுக்கும் இடையே ஆறு மில்லிசெகண்டு வித்தியாசம் விழுந்துவிடுகிறது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால் முதலில் வந்ததன் திசையையே காது நம்பும் என்று ஹெல்முட் ஹாஸ் முதலியோர் 1949ஆம் ஆண்டளவில் நிரூபித்திருப்பதால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் பொதுவாகப் பகிர்ந்து வைத்த ஒலி முழுவதும் அந்த அம்மாளுக்கு அருகில் உள்ள பெட்டிக்குள் சரிந்துவிடுகிறது. ஒரே பெட்டியில் கட்டிப்போட்ட வாத்தியமோ, அருகில் இருப்பதனாலேயே உரத்துப் பாடகியை அமுக்குகிறது. கணவர் புகழ்ந்துகொண்டிருக்கும் பாட்டும் மனைவி முகம் சுளிக்கும் பாட்டும் ஒரே பாட்டே அல்ல. எந்த மிக்ஸில் பின் ஸ்பீக்கர்கள் சுமக்கும் பொறுப்பு அதிகமோ, அந்த மிக்ஸில் நடு நாற்காலியின் சர்வாதிகாரமும் அதிகம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது, சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்ற விஷயம். நம்முடைய கச்சேரி மேடையில் பாடகர் நடுவில் அமர, ஒரு கையருகே வயலினும் மறு கையருகே மிருதங்கமும் உட்காருவது இடப்பற்றாக்குறையால் அன்று; ஒருவர் இழுக்கும் மூச்சும் மற்றவர் தலையசைப்பும் உடனுக்குடன் தெரிந்தால்தான் லயம் நிற்கும் என்பதால். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் முப்பது மில்லிசெகண்டு தாமதம் வந்துவிடும்; அந்தத் தாமதத்தோடு ஒரு கோர்வையை ஒற்றுமையாக முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை வித்துவான்களைக் கேட்டால் சொல்வார்கள். திருவிழாவில் நாகசுரம் வீதியெல்லாம் சுற்றி வருகிறது. நமக்கு முன்னால் வந்து, பக்கத்தில் கடந்து, பின்னால் போய் மறைகிறது. ஆனால் தவிலைத் தெற்கு வீதியில் விட்டுவிட்டு நாகசுரம் மட்டும் வடக்கு வீதிக்குப் போவதில்லை. நெருங்கியிருந்து ஒருவரையொருவர் கேட்டு வாசித்தவர்களை, பிற்பாடு அறையின் நான்கு மூலைகளுக்கும் நாடு கடத்தினால், அவர்கள் வாசித்ததில் மிக அருமையான அம்சமாகிய அந்தப் பரஸ்பரக் கவனம் கேட்பவன் காதுக்கு எட்டாமலே போகிறது. டிரம்ஸும் பேஸ் கிதாரும் பிரிந்துபோன ராக் பாட்டு, ஸ்வரம் ஒன்றும் குறையாமல் இருந்தும் சப்பென்று இருப்பதன் ரகசியம் இதுதான்.

அப்படியானால் பின் ஸ்பீக்கர்களுக்கு வேலையே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, மிகப் பெரிய வேலை உண்டு, அதை வேலை என்று மதிக்காததே நாம் மறுக்கும் கொள்கையின் மூலப்பிழை. 1870இல் கட்டிய வியன்னாவின் மூசிக்ஃபெரைன் மண்டபத்திலும், ஸபைன் என்ற பௌதிக ஆசிரியர் கணக்கிட்டுக் கொடுத்து 1900இல் திறந்த பாஸ்டன் ஸிம்பனி மண்டபத்திலும் உட்கார்ந்து கேட்பவர்கள், சங்கீதம் தங்களை வந்து தழுவிக்கொள்வதாகச் சொல்லுகிறார்களே, அங்கே அவர்களுக்குப் பின்னால் ஒரு வாத்தியக்காரராவது உட்கார்ந்திருக்கிறாரா? அந்தத் தழுவலுக்குக் காரணம் பக்கச் சுவர்களிலிருந்து திரும்பி வரும் ஒலி என்பதை ஒலியியல் ஆராய்ச்சியாளர்களான மார்ஷலும் பாரனும் 1960களின் இறுதியிலிருந்து ஆராய்ந்தார்கள். நேரடி ஒலி வந்து ஏறக்குறைய 80 மில்லிசெகண்டு கழிந்த பிறகு பக்கங்களிலிருந்து வந்து சேரும் கார்வையே, கேட்பவன் சூழப்பட்டதாக உணர்வதற்கு முக்கியக் காரணம் என்று பிராட்லியும் சூலோட்ரும் 1995இல் காட்டினார்கள். தூங்குவதாக என் நண்பர் பழித்த ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்தது இந்த வேலையாக இருக்கலாம். காதை வைத்துக் கேட்டால் ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். அணைத்துப் பார்த்தால் மண்டபமே இடிந்து விழும்.

புதிய கருவி ஒன்று கைக்கு வந்தவுடன் அதைக் கொண்டு வித்தை காட்டுவது மனித சுபாவம். ஸ்டீரியோ பிறந்தபோதும் இதே கூத்து நடந்தது. அமெரிக்காவில் ஈனாக் லைட் என்பவர் 1959இல் வெளியிட்ட ‘பெர்ஸுவேஸிவ் பெர்க்கஷன்’ என்ற இசைத்தட்டில், தாளக்கருவிகள் பந்துபோல் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் துள்ளின. அது வாரக்கணக்கில் விற்பனைப் பட்டியலின் தலையில் நின்றது. இன்று அதைத் தேடிப் போகிறவர்கள் ஸ்டீரியோவின் பால்ய விளையாட்டைப் பார்க்கப் போகிறார்கள், சங்கீதத்துக்காகப் போகிறவர்கள் சிலரே. எழுபதுகளில் நான்கு ஸ்பீக்கர்களுக்கான க்வாட்ரஃபோனிக் முறை வந்தது; ஸிபிஎஸ் கம்பெனியின் எஸ்க்யூ, ஸான்ஸுயியின் க்யூஎஸ், ஜேவிஸியின் ஸிடி-4 என்று ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று முறைகள் சந்தையில் மோதின; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூன்றும் மாய்ந்தன. இந்தச் சண்டையே மரணத்துக்குக் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பிரிவினை இருக்கிறது என்று வாங்குபவனுக்கு ரூபித்துக் காட்டும் அவசரத்தில் வாத்தியங்களை மூலைக்கு ஒன்றாக ஆணியடித்த அந்தக் காலத்து மிக்ஸ்கள் சிலவற்றைக் கேட்கிறபோது, வியாதி உடம்புக்குள்ளும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் வாதத்துக்கு விரோதமாகத் தோன்றும் இரண்டு நல்ல உதாரணங்களை நானே எடுத்துக் கொடுக்கிறேன். பிங்க் ஃபிளாய்ட் குழுவினரின் ‘தி டார்க் ஸைட் ஆஃப் தி மூன்’ 1973இல் வந்தது. அதன் ‘டைம்’ என்ற பாட்டு தொடங்குவதற்கு முன், பழம்பொருள் கடையில் ஆலன் பார்ஸன்ஸ் பதிவு செய்து வைத்திருந்த கடிகாரங்கள் ஒருமிக்க அடிக்கின்றன. சரவுண்டில் அவை நாற்புறமும் அடிக்கின்றன; அடிக்கத்தான் வேண்டும். கடிகாரம் யாரோடும் சேர்ந்து சுருதி கூட்டுவதில்லை. காலம் நம்மைச் சூழ்ந்துகொண்டது என்பதே அந்த இடத்தின் அர்த்தம். திசை அங்கே அர்த்தத்துக்கு ஊழியம் செய்கிறது. மற்றோர் உதாரணம், நார்வேயில் மோர்டென் லிண்ட்பெர்க் பதிவு செய்து, 2020இல் கிராமி விருது பெற்ற ‘லுக்ஸ்’ என்ற ஆல்பம். அவர் தேவாலயத்தின் நடுவே மைக்குகளை நிறுத்தி, பாடுபவர்களையும் வாசிப்பவர்களையும் அவற்றைச் சுற்றி நிற்கவைத்துப் பதிவு செய்யும் வழக்கமுடையவர். அங்கே நமக்குப் பின்னாலும் குரல் கேட்கிறது. ஆனால் அது உறுத்துவதில்லை. ஏனென்றால், அந்தக் குரல்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே காற்றில், ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே பாடியவை. ஒவ்வொன்றின் கார்வையும் மற்றதன் மைக்கிலும் விழுந்திருக்கிறது. தனித்தனி அறைகளில் தனித்தனி நாட்களில் பதிவான பத்து ட்ராக்குகளை, கணினித் திரையில் உருண்டைகளாக நகர்த்தி அறையெங்கும் தூவுவதும் இதுவும் ஒன்றாகா. வடிவத்தில் இரண்டும் வட்டம்தான்; கும்மியடிக்கும் பெண்களும் வட்டமாகத்தான் நிற்கிறார்கள், பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்களும் சில சமயம் வட்டமாக நிற்பதுண்டு.

பல மிக்ஸ்கள் ஏமாற்றமளிக்கின்றன என்பதில் எனக்கும் எதிர்க்கட்சிக்கும் பேதமில்லை. ஆனால் அவர்கள் குற்றவாளியைத் தேடிப் பின்சுவருக்குப் போகிறார்கள், குற்றமோ பெரும்பாலும் முன்னாலேயே நடக்கிறது. பாடகியின் குரலை நடு ஸ்பீக்கர் ஒன்றிலேயே தனியாக விட்டால், துணைக்கு இருந்த வாத்தியங்கள் விலகி, அவள் வெறுந்தரையில் நிற்பதுபோல் குரல் வறண்டு போகிறது. ஸ்டீரியோவில் மிக்ஸ் முழுவதையும் கடைசியில் ஒரு கம்ப்ரஸர் வழியே செலுத்தி ஒட்டவைப்பது வழக்கம். அட்மாஸ் என்ற இன்றைய சரவுண்ட் முறையில் பத்துச் சானல் தளத்தின் மேல் 118 ஒலிகள் வரை தனித்தனிப் பொருள்களாக மிதக்கக்கூடியவையாதலால், அந்தப் பசையை அப்படியே தடவ இயலாது. வேறு வழியில் ஒட்டவைக்கத் தெரியாதவர் கையில் டிரம்ஸ் அடி பஞ்சாகிவிடுகிறது. அட்மாஸ் மிக்ஸின் சராசரி உரப்பு -18 எல்கேஎஃப்எஸ் என்ற அளவைத் தாண்டலாகாது என்பது ஆப்பிள் முதலிய கம்பெனிகளின் விதி. அதைவிட வெகுவாக உரத்து முடித்த ஸ்டீரியோவுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், கேட்பவன் மெலிவை வெறுமை என்று எண்ணிக்கொள்கிறான். ஹெட்போனில் கேட்பவர்களுக்கோ, யாரோ ஒரு சராசரி மனிதனின் காது மடலைக் கணக்கில் வைத்துச் செய்த பிரமையே கிடைக்கிறது. தம் காது அதற்கு ஒவ்வாதவர்களுக்குப் பின்னால் வர வேண்டியது தலைக்குள்ளேயே வந்து நிற்கிறது. இவை எவற்றுக்கும் பின் ஸ்பீக்கரைத் தட்டி எழுப்புவது பரிகாரம் அன்று.

அவசரமும் ஒரு காரணம். ஆப்பிள் நிறுவனம் 2021 ஜூன் மாதத்தில் அட்மாஸ் முறையைத் தன் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டது முதல் பழைய ஆல்பங்கள் கூட்டங்கூட்டமாக உருமாற்றப்பட்டு வருகின்றன; 2024இல் இவ்வடிவில் கிடைக்கும் பாட்டுகளுக்குப் பத்து விழுக்காடு வரை கூடுதல் பங்கு என்றும் ஏற்பாடாயிற்று. பணம் வடிவத்துக்கு என்று ஆனபின், உள்ளடக்கத்தை யார் நின்று நிதானித்துப் பார்ப்பார்கள்? பார்த்தவர்களும் உண்டு. பீட்டில்ஸின் ‘ஸார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தை அட்மாஸில் அமைத்த ஜைல்ஸ் மார்ட்டின், தாம் செய்தது தமக்கே சரியாகப் படவில்லை, மாற்றப்போகிறேன் என்று 2021இல் பகிரங்கமாகச் சொன்னார். 1967இல் அந்த ஆல்பத்தின் மோனோ மிக்ஸுக்கே பீட்டில்ஸ் மெனக்கெட்டு உடனிருந்தார்கள், ஸ்டீரியோவைப் பிறரிடம் விட்டுவிட்டார்கள் என்பதை நினைத்தால், ஸ்பீக்கர் எண்ணிக்கைக்கும் சங்கீதச் சிரத்தைக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

இத்தனையும் சொன்னதனால், இரண்டு ஸ்பீக்கரே இயற்கை, மற்றதெல்லாம் சர்க்கஸ் என்று சாதிக்கும் பழமைவாதிகள் என்னைத் தம் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இல்லாத பாடகியை நிற்கவைப்பது எந்த விதத்தில் இயற்கை? பெல் ஆராய்ச்சிச்சாலையார் 1933ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் வாசித்த வாத்தியக் கோஷ்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டனில் கேட்கச் செய்தபோது பயன்படுத்தியவை மூன்று சானல்கள். வீட்டுக்கு இரண்டு வந்ததற்கு, இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டே சுவர்கள் என்பதும் ஒரு காரணம். அதைத் தர்மசாஸ்திரமாக்க வேண்டியதில்லை.

"என் காசு, என் காது, பின்னால் கிதார் கேட்டால் எனக்குச் சந்தோஷம்; உனக்கென்ன?" என்று ஒருவர் கேட்டால் அவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தையே விதியாக்கி, அது இல்லாத மிக்ஸையெல்லாம் சோம்பேறித்தனம் என்று எதிர்க்கட்சியார் ஒருமித்துக் கூக்குரலிடும்போது, மிக்ஸ் செய்பவர்களும் அஞ்சி, தேவையற்ற இடத்திலும் எதையாவது எடுத்துப் பின்னால் வைக்கத் தொடங்குகிறார்கள். தனி ரசனை பொதுத் தீங்காக மாறுவது அப்போதுதான்.

அன்று நண்பர் வீட்டில் அந்தப் பாட்டு முடிந்தபின், அதே பாட்டை மறுபடியும் போடச் சொல்லி, அவர் பழித்த பின் ஸ்பீக்கர்கள் நான்கையும் பாட்டின் நடுவில் அணைக்கச் சொன்னேன். அணைத்தார். பாட்டில் ஒரு ஸ்வரமும் குறையவில்லை. ஒரு வாத்தியமும் காணாமல் போகவில்லை. ஆனால் அதுவரை எங்களோடு ஒரு பெரிய மண்டபத்தில் இருந்த பாடகி, சட்டென்று எதிர்ச்சுவரில் ஒட்டிய படமாகிவிட்டாள். நண்பர் ஒன்றும் பேசாமல் மீண்டும் அவற்றைப் போட்டார். மண்டபம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை. அந்த அழகான அடி வந்தபோது நாற்காலியிலேயே இருந்தார்.